ஏழுமலையின் பாரும் எங்கள் படிவத்தின் கடைசிக் கேள்வியும்

நம் குழுவின் மாதக் கூட்டத்தில் பேச வருகிறவர்கள் நிரப்பித் தர வேண்டிய படிவத்தில் ஒன்பது கேள்விகள் உண்டு. எட்டுக் கேள்விகள் ஒழுங்கான எழுத்துத் தமிழில் இருக்கும். ஒன்பதாவது மட்டும் இப்படி இருக்கும்: ‘இது யாருது? அவங்கள கேட்டியா?’

போன மாதம் புதிதாகப் பொறுப்பேற்ற இளையவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒன்று மொழியைத் திருத்தலாம், இல்லையென்றால் கேள்வியையே எடுத்துவிடலாம் என்றார்கள். உரிமம் பற்றி நான்காவது கேள்வி இருக்கும்போது இது எதற்கு என்பது அவர்கள் வாதம். நான் வழக்கம்போல் சிடுசிடுவென்று ஏதோ சொல்லிவிட்டு கூடுவாஞ்சேரிக்கு ரயிலேறிவிட்டேன். வீடு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று இவர்களுக்கு யாரும் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டியவள் நான்தான். ஏனென்றால் தப்பு செய்தவளும் நான்தான்.

என் வேலை வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கணக்கை கம்ப்யூட்டரில் அடிக்கும் வேலை. அப்புறம் அந்த கம்ப்யூட்டர்களையே பார்த்துக்கொள்ளும் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கியே இருபத்தெட்டு வருஷம் போயிற்று. இதில் உங்களுக்கு உபயோகமான விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது வரதன் சார்.

வரதன் சார் எங்கள் பிரிவின் மேலாளர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். திட்ட மாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். அவரிடம் ஒரே ஒரு விதி இருந்தது. சர்வரில் எந்தக் கட்டளை கொடுத்தாலும், எண்டர் தட்டுவதற்கு முன் என்ன செய்யப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முழு வாக்கியமாக, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி. “வாயால சொல்லும்மா மொதல்ல” என்பார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது, ஒரு நாள் வரைக்கும். இரண்டாம் லைனின் சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. எல்லாம் அடித்து முடித்து, விரலை எண்டர் மேல் வைத்து, “இரண்டாம் லைன் சர்வரை நிறுத்துகிறேன்” என்று சலிப்போடு சொன்னேன். சொல்லும்போதே கண் திரையில் இருந்த பெயரைப் படித்தது. அது முதல் லைன். அங்கே ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. தட்டியிருந்தால் மொத்தப் பட்டறையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும். திரும்பிப் பார்த்தேன். வரதன் சார் டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து சொல்லாமல் நான் எதையும் செய்ததில்லை. வீட்டில் கேஸ் அடுப்பை அணைக்கும்போதுகூட வாயில் வந்துவிடும். பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

நம் குழு தொடங்கியபோது அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தேன். புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. திறமூல மென்பொருள் என்றால் அதன் உள்ளே இருப்பதை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். அப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மதியம் கூடிப் பேசும் இடம் நம் குழு. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி, ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரி. அப்போது எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பேச்சு முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டோம். பேசியவர் தான் காட்டியது அத்தனையையும் இணையத்தில் இருக்கும் எங்கள் பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். உலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஏறி முடிந்தது என்று திரையில் வந்த பிறகுதான் கைதட்டல். அந்த வழக்கத்தில் எங்களுக்கு அப்படி ஒரு பெருமை. பூட்டி வைப்பவர்கள் எல்லாம் அற்பர்கள், நாங்கள் மட்டும் தாராளமானவர்கள் என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு உச்சத்தில் இருந்தபோதுதான் ஏழுமலை வந்தார்.

அவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் ஃபைபர் படகு, அவர்கள் பேச்சில் போட்டு, வைத்திருக்கும் மீனவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நம் குழுவின் ரியாஸ் கூடுவாஞ்சேரியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். உப்புத் தண்ணீர் புகுந்த போனைச் சரி செய்யப் போன ஏழுமலை, கூடவே தன் கையடக்க ஜி.பி.எஸ். கருவியையும் அவனிடம் காட்டியிருக்கிறார். திரை மங்கிக்கொண்டே வந்தது. அது செத்தால் உள்ளே இருக்கும் புள்ளிகளும் சேர்ந்து போகும். கடலுக்கு அடியில் பாறைத்தரை இருக்கும் இடங்களைப் பாரு என்பார்கள். சங்கராவும் வஞ்சிரமும் அங்கேதான் கூடும். எந்தப் பாரு எங்கே என்பது அந்தக் கருவியில் புள்ளி புள்ளியாக இருந்தது. இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள். ரியாஸ் அவரை, “கூட்டத்துக்கு வாங்கண்ணா, எங்க அக்கா எடுத்துக் குடுப்பாங்க” என்று அழைத்துவந்துவிட்டான்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பழைய கருவிகளிலிருந்து தகவலை மீட்பது என்பதுதான் அந்த மாதம் என் பேச்சு. நிஜமான கருவி, நிஜமான மனிதர். கேபிளை மாட்டினேன். ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டினேன். சுவரில் கடலின் வரைபடம் விரிந்தது. அதன் மேல் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கூட்டமே முன்னால் சாய்ந்து பார்த்தது. ஏழுமலை எழுந்து நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார், பிறகு திரும்பி உட்கார்ந்திருந்தவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் அவரைப் பார்த்தே சொன்னேன். “இப்போ இந்தப் புள்ளிங்களை நம்ம பொதுக் களஞ்சியத்துல ஏத்தறேன்.” அவர் தலையாட்டினார். தட்டினேன். ஏறியது. எல்லோரும் கைதட்டினோம்.

பென்டிரைவில் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தபோது அவர் கேட்டார். “பத்ரமா கீதுல்ல, யக்கா?”

“இனிமே நீங்களே நினைச்சாலும் தொலையாது” என்றேன். அவ்வளவு கர்வம் எனக்கு.

இரண்டரை வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை. மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. யக்கா என்று கூப்பிட்டவர் மேடம் என்று ஆரம்பித்தார். 

“மேடம், ஏழுமல பேசறேன். எம் பாருல எட்டு போட்டு நிக்கிது. மெட்ராஸ்லேர்ந்து தூண்டி போட வர்ற ஆளுங்க. செல்லப் பாத்துகினே நேரா வந்து நிக்கிறானுங்க. நான் வித்துட்டேன்னு ஊர்ல பேசிகினு கீறாங்க.”

அதன் பிறகு அவர் சொன்னதுதான் பெரிய இடி. அந்தப் புள்ளிகள் எல்லாம் அவருடையவை அல்ல. முப்பதுக்கும் மேல் அவருடைய மச்சான் தேசப்பனின் குடும்பத்துடையவை. தேசப்பனின் அப்பா, கடலிலிருந்து பார்த்தால் கரையில் தெரியும் அடையாளங்களை நேர்க்கோட்டில் வைத்துக் கண்டுபிடித்த இடங்கள். அம்மன் மேல் கை வைத்து, வெளியே சொல்வதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் தேசப்பன் அவற்றை ஏழுமலைக்குக் காட்டியிருக்கிறார். இப்போது தேசப்பனே ஊர்ப் பஞ்சாயத்தில் பிராது கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். விற்றதாகத் தீர்ப்பானால் ஏழுமலையின் போட்டைக் கடலில் இறக்க விட மாட்டார்கள். வேறு தொழில் தெரியாது அவருக்கு.

கீரையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களுக்கான ஒரு செல்போன் செயலி, எங்கள் களஞ்சியத்திலிருந்த கோப்பை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. அதில் தப்பே இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது நாங்கள்தானே? அந்தச் செயலிக்காரர்களுக்கு எழுதினேன். வெளியே போனது போனதுதான் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

ரியாஸை வரச் சொன்னேன். உடனே அழித்துவிடலாம் என்றான். கோப்பை மட்டும் அல்ல, அது ஏறியதற்கான பதிவையும் சேர்த்து, தடம் தெரியாமல். நாளைக்குப் போலீஸ் என்று வந்தால் டியூஷன் சென்டர்காரர் மாடியைத் தர மாட்டார், குழுவே போய்விடும் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவன் பயம் குழுவைப் பற்றியது. உண்மையில் எனக்கும் அதே ஆசைதான். அழித்துவிட்டால் நான் செய்ததே இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

கட்டளையை அடித்தேன். பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது. “ஏழுமலையின் புள்ளிகளையும், அவற்றை கஸ்தூரி ஏற்றினாள் என்ற பதிவையும் நிரந்தரமாக அழிக்கிறேன்.”

என் பெயரோடு அது என் காதில் விழுந்தது. விரலை எடுத்துவிட்டேன். ஏற்றியது யார், எந்த நாள், எந்த நேரம் என்று அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஏழுமலை விற்கவில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அதுதான். அதை அழித்தால் நான் தப்பிப்பேன், அவர் மாட்டிக்கொள்வார்.

அழிக்கவில்லை. களஞ்சியத்தை மட்டும் பொதுப் பார்வையிலிருந்து மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை பதிவைத் தொடாதே என்று ரியாஸிடம் சொன்னேன். அவனுக்கும் என்னைப் போலவே முழு அதிகாரம் இருந்தது. அவன் பதில் சொல்லாமல் படியிறங்கிப் போனான். அந்த நான்கு நாளும் மணிக்கு ஒரு முறை போய் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அச்செடுத்தும் வைத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு லைனைக்கூடத் தவறி நிறுத்தாதவள், ஓய்வு பெற்ற பிறகு ஒரு மனிதரின் போட்டை நிறுத்திவிட்டேனே என்று ஓடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் மாமல்லபுரம் பஸ்ஸுக்கு நின்றேன். ரியாஸ் லேப்டாப் பையோடு வந்து பக்கத்தில் நின்றான். அவனே இரண்டு டிக்கெட் வாங்கினான்.

பஞ்சாயத்து, கடற்கரையை ஒட்டிய அம்மன் கோயில் மண்டபத்தில். பாயில் பஞ்சாயத்தார் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் ஊர் ஆண்கள். பெண்கள் தூரத்தில் வலைக் குவியல்கள் அருகே நின்றார்கள். ஏழுமலை தூணோரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். முகத்தில் எதுவும் இல்லை. அவருக்கு எதிரே தேசப்பன். மெலிந்த ஆள், நரைத்த மீசை, கையில் வலை பின்னும் ஊசி. அதை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

நான் பையிலிருந்து அச்செடுத்த தாளை எடுத்து நீட்டினேன். பெயர், நாள், நேரம் எல்லாம் இதில் இருக்கிறது என்றேன். ரியாஸ் லேப்டாப்பைத் திறந்தான். தலைவர் தாளைக் கையில் வாங்கவே இல்லை.

“காயிதம் கெடக்கட்டும். நீ இன்னா பண்ணே, அத்த உன் வாயால சொல்லு” என்றார்.

நான்கு நாள் கட்டிக் காத்த பதிவு அப்படியே என் கையில் நின்றது. சொன்னேன். கேபிள் மாட்டியது, சுவரில் காட்டியது, ஏற்றியது, கைதட்டியது வரை சொன்னேன். ஏழுமலைக்கு இதில் ஒரு பைசா கிடைக்கவில்லை, பொதுவில் போகிறது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். தண்ணீர் கேட்கவும் பயம்.

தேசப்பன் முதல் முறையாக வாயைத் திறந்தார். “ஏத்தும்போது அவன் அங்கதான் நின்னுகினு இருந்தானா?”

“ஆமா. அவருகிட்ட சொல்லிட்டுத்தான் ஏத்தினேன்.”

“சொன்னது கெடக்கட்டும். கேட்டியா?”

வரதன் சார் முதல் அன்றுவரை சொல்லிவிட்டுச் செய்வதை ஒரு தவம்போல் செய்துவந்தவள் நான். சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன். மெஷினுக்கு அது போதும். தலையாட்டிய மனிதரிடம், சரியா, வேண்டாமா, இதில் வேறு யாருக்காவது பங்கு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்டிருந்தால் தேசப்பனின் பெயர் அங்கேயே வந்திருக்கும்.

“கேக்கல” என்றேன்.

பஞ்சாயத்தார் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு தலைவர் தீர்ப்பைச் சொன்னார். ஏழுமலை விற்கவில்லை. போட்டு இறங்கலாம். ஆனால் மச்சானுக்குக் கொடுத்த வாக்கை மறந்து அந்தப் புள்ளிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோனது தப்பு. அதற்குத் தேசப்பன் வீட்டு வாசலில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் பக்கம் திரும்பி, உனக்கு இங்கே தீர்ப்பு சொல்ல முடியாது, போ என்றார். அதைவிட ஒரு அபராதம் போட்டிருக்கலாம். அப்போது தேசப்பன் எழுந்து ஏழுமலையின் எதிரில் போய் நின்று ஒன்று சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. அதை இங்கே நான் எழுதவில்லை. காரணம் கடைசியில் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து நம் மாதக் கூட்டம். நான் நடந்ததை எழுந்து சொல்லி முடிக்கும்போது வாசலில் ஏழுமலை நின்றார். அழைக்கவில்லை, அவராகவே வந்திருந்தார். கோப்பைப் பிரதி எடுத்து வைத்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஒவ்வொருவர் மெஷினிலும் அது அழிவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். ஒவ்வொருவர் பின்னாலும் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் முறை வந்தபோது, நான் கட்டளையை அடித்துவிட்டு, “அழிக்கட்டுமா?” என்று கேட்டேன். “ம்” என்றார். தட்டினேன்.

அவர் கிளம்பியிருக்கலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அன்றைய பேச்சு ரியாஸுடையது. கம்ப்யூட்டருக்குத் தமிழ்ப் பேச்சைப் புரியவைக்க, தன் கடைக்கு வருபவர்களின் குரலை ஆறு மாதமாகப் பதிவு செய்திருந்தான். நல்ல வேலை. நன்றாகவும் பேசினான். முடித்துவிட்டு, பழைய வழக்கப்படி ஏற்றுவதற்குக் கையை வைத்தான். இரண்டு வாரத்துக்கு முன் அந்த மண்டபத்தில் என் பக்கத்தில் நின்றவன்தான். நானும் கைதட்டத் தயாராகத்தான் இருந்தேன். அதுதான் எங்கள் லட்சணம்.

பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. “இது யாருது? அவங்கள கேட்டியா?”

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ரியாஸ் கையை எடுத்தான். அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஜன்னல் வழியாக, அவர் ஸ்டேஷன் பக்கம் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அன்று மாலையே படிவத்தில் ஒன்பதாவது கேள்வி ஏறியது. அவர் வாயில் வந்தபடியே எழுதினோம். இலக்கணமாக எழுத எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

அதை வைத்திருப்பதும் எடுப்பதும் இனி உங்கள் கையில்தான். நான் ஓட்டுப் போட வர மாட்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையைத் தருவதாகச் சொல்லி மூன்று வாரம் தாமதித்துவிட்டேன். சோம்பல் இல்லை. எழுதலாமா என்று கேட்கப் போயிருந்தேன். ரியாஸ் போனிலேயே சிரித்துச் சம்மதித்துவிட்டான். ஏழுமலை, “எழுதிக்கோ யக்கா. பேர மாத்திடு. பாரு எங்க கீதுன்னு மட்டும் எழுதிடாத” என்றார். அவர் என்னை மறுபடியும் யக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். நான் பஸ்ஸில் அழுதேன்.

தேசப்பனைப் பார்க்க மூன்று முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை எழுந்து போய்விட்டார். இரண்டாம் முறை யோசிக்கிறேன் என்றார். மூன்றாம் முறை, எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார். வலையைச் செப்பனிட்டபடியே கேட்டார். பஞ்சாயத்துப் பகுதி வந்ததும் நிறுத்தினேன். அன்றைக்கு ஏழுமலையிடம் நீங்கள் சொன்னதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

வலையிலிருந்து தலை நிமிராமல், “வேணாம்” என்றார்.

அதனால் அது இதில் இல்லை.